நாலாம் நம்பர் கோலின் நுனி

இருதயராஜை விட அவருடைய வலது கட்டைவிரலுக்குத்தான் தோட்டத்தில் மரியாதை அதிகம். தெரணியகலையிலிருந்து மலைப்பாதையில் நாலு மைல் ஏறினால் வரும் இறப்பர் ஃபெக்டரியில் இருபத்தேழு வருடமாக அவர் ஷீட் தரம் பிரிக்கிறார். புகைக்கூட்டில் நாலு நாள் தொங்கிவிட்டுத் தேன் நிறத்தில் இறங்கி வரும் ஷீட்டுகளை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் விரித்துக் குமிழ் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்ப்பது கண்ணின் வேலை. மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இருதயராஜ் கண்ணை நம்புவதில்லை. ஷீட்டின் மூலையில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. விரலை எடுத்ததும் அந்தக் குழி எழுந்து வருகிற வேகத்தைக் கவனிப்பார். பிறகு "ஒண்ணு" என்பார், அல்லது "மூணு" என்பார். "ரெண்டு" என்று அவர் சொல்லி அதிகம் பேர் கேட்டதில்லை. நடுத்தரமான அபிப்பிராயங்கள் அவருக்கு ஒத்துவராது.

வேலை முடிந்ததும் கட்டைவிரலை ஃபெக்டரியில் விட்டுவிட்டு வர முடியாததுதான் சிக்கல். கடையில் பாண் ரொட்டியை அழுத்திப் பார்க்காமல் வாங்கமாட்டார். அவர் வாசலில் தெரிந்தால் கடைக்காரர் பாணையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார். பஸ்ஸில் உட்காரும் முன் சீட்டை அழுத்துவார். கோயிலில் முழந்தாளிடும் பலகைக்கு மெத்தை அடித்த அன்று, பூசை தொடங்குமுன்பே அதைச் சோதித்து, "மூணு" என்று சொல்லிவிட்டுத்தான் சிலுவை போட்டார்.

வீட்டில் மட்டும் இந்த விரல் வேலைநிறுத்தம் செய்தது. அவர் படுக்கும் மெத்தையின் நடுவில் ஆட்டுக்குட்டி படுக்கிற அளவுக்குப் பள்ளம். பதினைந்து வருடமாக அதில் விழுந்து தூங்கி எழுந்தவருக்கு அது தெரியாது. கறியில் உப்பில்லை என்றாலும் தெரியாது. அவர் மனைவி திரேசா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். பேச்சு வராதவர்களோடு பகல் முழுவதும் இருப்பதால் மாலையில் அவளிடம் பேச்சு மிச்சம் இருக்கும்.

"ஊர் ரப்பர் பூரா தெரியும் இவருக்கு. பொண்டாட்டி போட்டிருக்கிறது பழைய சீலையா புதுசான்னு கேட்டா முழிப்பாரு," என்பாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இறப்பரிலும் இரண்டு சாதி உண்டு. இருதயராஜுடையது புகை பிடித்த ஷீட். மற்றது கிரேப். கழுவி, வெளுத்து, செருப்புக்கு அடித்தோல் போடுவதற்கென்று வெள்ளையாக வருகிற இறப்பர். புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தோட்டங்களில் அதைச் செய்கிறார்கள். இருதயராஜ் அதை இறப்பர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. "குளிப்பாட்டி பவுடர் போட்டு விட்ட ரப்பர்," என்பார். "அதுல என்னா இருக்கு? அமுக்கினா அப்பிடியே ஈன்னு இளிக்கும்."

இந்த வாக்கியத்தை அவர் பிறகு பல தடவை நினைத்துக்கொள்ள நேர்ந்தது.

*

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஹஸீபின் ஹார்ட்வெயார் கடை. கீழே ஆணியும் பெயின்டும் தகரமும். மாடியில் இரண்டு பூல் மேசைகள். பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு குழிகள், நீளமான கோலால் வெள்ளைப் பந்தைத் தட்டி மற்றப் பந்துகளைக் குழிக்குள் விழுத்த வேண்டும். கறுப்புப் பந்து கடைசியில், முந்தி விழுத்தினால் தோல்வி. விளையாட்டு இவ்வளவுதான். சுவரில் ஆறு பொதுக் கோல்கள் நம்பர் போட்டுச் சாத்தியிருக்கும். ஒவ்வொரு கோலின் நுனியிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தோல் வட்டம் ஒட்டியிருக்கும். அதற்கு டிப் என்று பெயர். பந்தைத் தொடுவது அதுதான். மனிதர்களில் பெரும்பாலோர் அந்தத் தோல் வட்டத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல் வாழ்ந்து நிம்மதியாகச் செத்துப்போகிறார்கள். ஹஸீபின் மாடியில் அதற்கு வழியில்லை.

வாரத்தில் மூன்று மாலை இருதயராஜ் அங்கே வருவார். பதினொரு வருடமாக அவர் ஆடுவது நாலாம் நம்பர் கோலால். அதன் டிப் தடித்தது, பஞ்சுபோல மெதுவானது. அவர் அதை உப்புத்தாளால் தேய்த்து ஐந்து ரூபாய் நாணயக் குற்றியின் வளைவுக்குக் கொண்டுவருவார், ஊசியால் குத்துவார், நீல சோக் கட்டியைப் பூசுவார், பிறகு கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கண்ணை மூடுவார். தோற்றுப்போனால் காரணம் மழை. மழை பிடித்தால் தோல் ஊறும், மழை விட்டால் தோல் இறுகும் என்பது அவர் கண்டுபிடித்த விதி. தெரணியகலையில் மழை விடுவதில்லையாதலால் விதியின் இரண்டாம் பாதி இதுவரை பரீட்சிக்கப்படவில்லை.

எதிர்க்கட்சி மஷூர். பஸ் நிலையத்தைத் தாண்டிச் செருப்புக் கடை வைத்திருப்பவர். அவருக்குச் சொந்தக் கோல் உண்டு, ஸிப் வைத்த உறையும் உண்டு. அதன் டிப் கடதாசிபோல மெல்லியது, கொட்டைப்பாக்குபோல இறுகியது. சொந்தக் கோல் வைத்திருப்பவர்களுக்குத்தான் பொதுக் கோல்களைப் பற்றிய கவலை அதிகமாக இருக்கும் என்பதற்கு மஷூர் உதாரணம்.

"தோலப் பத்தி எனக்கு செல்ல வாணாம், கிரேடர்," என்பார் மஷூர். மஷூர், ஹஸீப் வீட்டுத் தமிழில் 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும், 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும். மாடியில் எல்லோரும் இருதயராஜைக் கிரேடர் என்றுதான் கூப்பிடுவார்கள். "முப்பது வருஷமா தோல் விக்கிறன். டிப்பு மெலிசா ஈக்கணும். அடிச்சா டக்குன்னு கேக்கணும். ஒங்கட டிப்பு தொப்புன்னு கேக்குது. தலகாணியால அடிக்கிற மாதிரி."

"சத்தம் யாருக்கு வேணும், மொதலாளி? பந்து எங்க போகுதுன்னு கைக்குத் தெரியணும்."

"பந்து போற எடம் கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"கண்ணு ஏமாத்தும்."

"அப்ப ஒங்கட கைதான் ஒவ்வொரு நாளும் தோக்குதா?"

இந்தச் சண்டை பதினொரு வருடமாக நடக்கிறது. மாடியிலேயே நன்றாக ஆடுபவன் மெல்வின். வாசலில் த்ரீவீல் நிறுத்தி வைத்துவிட்டு, சவாரிக்கு ஹயர் வரும் வரை, கதவுக்குக் கிட்ட எந்தக் கோல் இருக்கிறதோ அதை எடுத்து ஆடுவான். ஆறாம் நம்பரில் டிப்பே விழுந்துபோன நாட்களிலும் அதைக் கவனிக்காமல் ஆடி வென்றிருக்கிறான். டிப்பைப் பற்றி அவனுக்கு எந்தக் கருத்தும் கிடையாது. ஆகையால் யாரும் அவனைக் கேட்பதில்லை.

*

ஒரு புதன்கிழமை மாலை ஹஸீப் மேசை மேல் ஏறாத குறையாக ஓர் அறிவிப்பு விடுத்தார். ஆறு கோல்களின் டிப்புகளும் தேய்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் புதிது போடப் போகிறார். புறக்கோட்டைக் கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் கேட்டாயிற்று. டிப் பெட்டியாகத்தான் வரும். ஒரு பெட்டியில் ஒரே வகை. தடித்த மெதுவானது, அல்லது மெல்லிய இறுக்கமானது. கலந்து தரமாட்டார்கள்.

"எதப் போடுவோம்?" என்றார் ஹஸீப். கேட்ட மறுகணமே கேட்டது தப்பு என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். மெல்வின் இதற்கிடையில் ஓர் ஆட்டம் வென்று, ஒரு ஹயர் போய்விட்டும் வந்தான். கடைசியில் ஹஸீப் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"போதும்! ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஆடுங்க. அஞ்சு ஆட்டம். மூணு வெல்றவர்ட டிப்பத்தான் ஆறு கோலுக்கும் போடுவன். திங்கக்கெழம பழசெல்லாம் அறுத்து எடுப்பன்."

இருதயராஜ் நாலாம் நம்பர் கோலைக் கையில் எடுத்துக்கொண்டார். "நாலாம் நம்பர மட்டும் விட்ருங்க, ஹஸீப் மொதலாளி. நான் தோத்தாலும்."

"ஏலாது, கிரேடர். ஒரு கோலுக்கு ஒரு சட்டம் வெக்க ஏலாது. பொறகு மத்த அஞ்சும் வந்து கேக்கும்."

அன்றிரவு இருதயராஜ் புரண்டுகொண்டே இருந்தார். திரேசா விழித்துக்கொண்டாள்.

"என்னாங்க, ஒடம்புக்கு முடியலியா?"

"தோத்தா நாலாம் நம்பர அறுத்துருவாங்க."

"கோலயா?"

"கோல இல்ல. டிப்ப."

"அது எம்புட்டு இருக்கும்?"

இருட்டில் அவர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்கா தூங்காம கெடக்குறீங்க?"

"இல்ல," என்றார் இருதயராஜ், யோசித்தபடி. "இந்த மெத்த சரியில்ல. நடுவுல பள்ளமா இருக்கு."

திரேசா எழுந்து உட்கார்ந்தாள். "மாதாவே! பதினஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சா?"

*

ஞாயிறு காலைப் பூசையில் இருதயராஜ் மெத்தைப் பலகையில் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார். இன்னும் தொலையாத ஒன்றுக்காக அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். பிறகு திரேசாவை வீட்டுக்கு ஏற்றிவிட்டு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஹஸீபின் மாடிக்குப் போனார்.

அங்கே பதினைந்து பேர் இருந்தார்கள். பஸ் நிலையத்துச் சிங்கள டைம்கீப்பர் மஹத்தயாகூட, அவிசாவளை பஸ்ஸை யாரிடமோ பொறுப்புக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நடுவர் மெல்வின். மஷூர் உறையின் ஸிப்பை இழுத்த விதத்தில், வாளை உருவுவதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டம் மஷூருக்கு. டக், டக், டக் என்று மூன்று பந்து ஒரே மூச்சில் விழுந்தது. "கேட்டீங்களா? இதுதான் தோல் பேசுற சத்தம்," என்றார் சுற்றியிருந்தவர்களிடம்.

இரண்டாவது இருதயராஜுக்கு. வெள்ளைப் பந்து போய்த் தட்டிவிட்டு, கூப்பிட்ட நாய்போலத் திரும்பி வந்து அவர் முன் நின்றது. "இந்தா பாருங்க," என்றார். "சொன்னா கேக்குது. கல்லால அடிச்சா கேக்குமா?"

மூன்றாவது மஷூர். நாலாவது, மஷூர் அவசரப்பட்டுக் கறுப்பை நேரத்துக்கு முன்பே விழுத்திவிட்டதால், இருதயராஜ்.

"இது வெற்றியா?" என்று கேட்டார் மஷூர்.

"வெற்றிலயும் கிரேடு பாக்கணுமா, மொதலாளி?" என்றான் மெல்வின். "ரெண்டு ரெண்டு. சரி, கடைசி ஆட்டம்!"

ஐந்தாவது ஆட்டம் நாற்பது நிமிடம் நடந்தது. அவிசாவளை பஸ் தாமதமாகப் புறப்பட்டது. இருதயராஜ் தன் பந்துகளை எல்லாம் விழுத்திவிட்டார். மஷூருக்கு இன்னும் ஒன்று மிச்சம். மேசையில் கறுப்பு, மூலைக் குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சரிவாக நின்றது. விழுந்தால் முடிந்தது. நாலாம் நம்பரின் நுனி பிழைத்துவிடும்.

அவர் அவசரப்படவில்லை. சோக்கை எடுத்தார். டிப்பில் வைத்து மெதுவாகத் திருகினார். கடைசி அடி என்பதால் வழக்கத்தை விட ஒரு சுற்று அதிகமாகத் திருகியிருக்கலாம். சோக்கை எடுத்தபோது அதோடு டிப்பும் வந்துவிட்டது.

சோக்கின் குழிக்குள் அது, மூடியில் ஒட்டிய பிஸ்கட் துண்டுபோல, அசையாமல் உட்கார்ந்திருந்தது. இருதயராஜ் கோலின் நுனியைப் பார்த்தார். அங்கே மரம் தெரிந்திருக்க வேண்டும். மரம் தெரியவில்லை. வெண்ணெய் நிறத்தில் இன்னொரு வட்டம் ஒட்டியிருந்தது.

மஷூர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"இது தோலில்லியே."

டைம்கீப்பர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அய்யோ! மே ரப்பர் நே!" என்றார் சிங்களத்தில், இது ரப்பரல்லவா என்று.

எல்லோரும் ஹஸீபைப் பார்த்தார்கள். ஹஸீப் பெயின்ட் டின் பட்டியலைப் படிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, முடியாமல் வாயைத் திறந்தார்.

"அது... பதினொரு வருஷம் ஈக்கும். நாலாம் நம்பர்ட நுனி கொஞ்சம் ஒடஞ்சி, டிப்பு நிக்காம ஆடிச்சி. பளீலாட பழைய செருப்பு ஒண்டு கெடந்திச்சி. அதுல ஒரு துண்டு வெட்டி அடியில வெச்சன். சும்மா, அண்டக் குடுக்க." பளீலா ஹஸீபின் மனைவி. "அவ இன்னம் அந்தச் செருப்பத் தேடுறா."

"யார்ட கடைச் செருப்பு?" என்று கேட்டார் மஷூர். குரல் ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்கட கடைதான்."

மஷூர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். "பதினொரு வருஷமா கிரேடர் ஆடினது என்ட செருப்பால! 'கைக்குத் தெரியுது, கைக்குத் தெரியுது'ன்னு சென்னது பளீலாட குதிக்கால்!"

இருதயராஜ் கூட்டம் அடங்கும் வரை நின்றார். பிறகு, தன்னையறியாமல், கட்டைவிரலை அந்த வெண்ணெய் நிற வட்டத்தில் வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி எழுந்து வருவதைக் கவனித்தார். இருபத்தேழு வருடப் பழக்கம். அவரை மீறி வாயிலிருந்து வந்துவிட்டது.

"கிரேப்பு," என்றார் தாழ்ந்த குரலில். "நம்பர் ஒண்ணு."

*

அது முடிந்தது, ஆனால் ஆட்டம் முடியவில்லை. கறுப்பு இன்னும் மேசையில் நின்றது.

சுவரில் ஹஸீப் எழுதி ஒட்டிய விதிகளில் ஏழாவது, ஆட்டத்தின் நடுவில் கோல் பழுதானால் எதிராளியின் கோலால் ஆடி முடிக்க வேண்டும் என்பது. தோற்கப் போகிறவர்கள் கோலை வேண்டுமென்றே தரையில் குத்தி, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்ட காலத்தில் வந்த விதி. அதை எழுதச் சொல்லி ஹஸீபை அரித்தவர் மஷூர்.

மெல்வின் சுவரைக் காட்டினான். "ஏழாவது, மொதலாளி."

மஷூர் தன் கோலைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல நீட்டினார். "சோக்க மெல்லப் போடுங்க. இது தோல். நெசத் தோல்."

இருதயராஜ் வாங்கினார். அதன் டிப்பை அழுத்தினார். கட்டைவிரல் ஒன்றும் பேசவில்லை, ஏனென்றால் அது அழுந்தவேயில்லை. சனியன், கூழாங்கல், என்று நினைத்துக்கொண்டார். குனிந்தார். நாலாம் நம்பரைக் காப்பாற்ற நாலாம் நம்பர் கையில் இல்லை. அந்தோனியாரிடம் கேட்டதும் தப்பு, தொலைந்த பிறகு கேட்டிருக்க வேண்டும். அடித்தார்.

டக்.

வெள்ளைப் பந்து கறுப்பைத் தொட்ட கணம், கோலின் வழியாக ஏதோ ஒன்று அவர் மணிக்கட்டுக்கு ஓடி வந்தது. எந்த இடத்தில் தொட்டது, எவ்வளவு தொட்டது, கறுப்பு எந்தப் பக்கம் உருளும் என்று அத்தனையும், கண் பார்ப்பதற்கு முன்னால், தெளிவாக வந்தது. இப்படி அவர் கைக்கு எதுவும் ஒருநாளும் தெரிந்ததில்லை. கறுப்பு போய் மூலைக் குழிக்குள் விழுந்தது, குழியின் ஓரத்தைக்கூட உரசாமல்.

கூட்டம் கத்தியது. டைம்கீப்பர் விசிலடித்ததில் கீழே ஒரு பஸ் புறப்பட்டுவிட்டது.

மஷூர் கத்தவில்லை. இருதயராஜின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பிடி ஈந்திச்சி?"

வென்றவன் தோற்றவனிடம் சொல்லக்கூடிய உண்மை அல்ல அது. இருதயராஜ் கோலைத் திருப்பிக் கொடுத்தார்.

"கல்லு மாதிரி இருந்திச்சி," என்றார்.

இருபத்தேழு வருடத்தில், கைக்குத் தெரிந்ததை மறைத்து அவர் வாய் முதல் தடவையாகப் பொய் சொன்னது அன்றைக்குத்தான்.

"அப்ப எந்தப் பெட்டி?" என்றார் ஹஸீப். "நீங்கதான் வென்றீங்க. செல்லுங்க."

பதினைந்து பேரும் பார்த்தார்கள். இருதயராஜ் வெள்ளைச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்தார்.

"தடிச்சது. மெதுவானது."

"கறுப்ப மெலிசாலதான போட்டீங்க?" என்றான் மெல்வின், வெறும் ஆர்வத்தில்.

"நீ ஹயருக்குப் போ," என்றார் இருதயராஜ்.

*

பெட்டி அடுத்த வியாழக்கிழமை வந்தது. ஹஸீப் நாலாம் நம்பரின் உடைந்த நுனியை ஒழுங்காக அறுத்து, மரத்தின் மேலேயே புதிய தோலை ஒட்டினார். அடியில் செருப்பு இல்லை. தடித்த, மெதுவான, நேர்மையான தோல். இருதயராஜ் கேட்டதேதான்.

அவர் அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"எப்பிடி, கிரேடர்?" என்றார் ஹஸீப்.

"ஃபஸ்ட் கிளாஸ்," என்றார் இருதயராஜ். வேறென்ன சொல்ல முடியும்? ஊரைக் கூட்டி வென்ற டிப்.

அது ஃபஸ்ட் கிளாஸ் இல்லை. பந்து எங்கே போகிறது என்று கைக்குத் தெரியவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் மஷூரிடம் ஒன்பது ஆட்டம் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் மஷூர் ஒரு பாராட்டு வழங்கினார். "தடிச்ச டிப்பு நல்லா வேல செய்யிது, மாஷா அல்லாஹ்." மழையைச் சொல்லலாம் என்றால், அந்த இரண்டு வாரம் பார்த்து மழையும் விட்டிருந்தது. விதியின் இரண்டாம் பாதி பரீட்சிக்கப்பட்டுத் தோற்றது.

கிரேப்புக்கு எங்கே போவது? புளத்கொகுபிட்டிய பக்கத்து ஃபெக்டரி ஒன்றில் அவருக்குத் தெரிந்த ஒரு கிரேப் மேக்கர் இருந்தார். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், பவுடர் போட்ட ரப்பர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார் இருதயராஜ். அந்த வழி மூடியது. ஹஸீபைக் கேட்டால் மாடிக்கே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை பிற்பகல், திரேசா ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்த நேரம், அவர் கட்டிலுக்கடியில் குனிந்தார். அவளுடைய பூசைச் செருப்பு அங்கே கடதாசியில் சுற்றியிருந்தது. கிரேப் அடித்தோல். மஷூரின் கடை. வலது செருப்பைத் திருப்பி, குதிக்காலை அழுத்தினார். ஒண்ணு. மனசாட்சி கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தது. பிறகு மரத்தில் பால் வெட்டும் கத்தியை எடுத்து, குதிக்காலின் அடியில், சட்டைப் பொத்தான் அளவில், ஒரு வட்டம் தோண்டி எடுத்தார். யாரும் கவிழ்த்துப் பார்க்காத இடம். நடப்பவளுக்கு எப்படித் தெரியும்?

நாலாம் நம்பரைப் பொலிஷ் போடுவதற்கென்று ஹஸீபிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். டிப்பைக் கழற்றி, அடியில் அந்த வட்டத்தை ஒட்டி, மேலே டிப்பை ஒட்டி, காயவைத்து, அழுத்திப் பார்த்தார். பதினொரு வருடம் திரும்பி வந்தது.

ஆனால் இறப்பரைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் ஒன்றை யோசிக்கவில்லை. அடுத்த நாள் பூசைக்கு முன் கோயில் தரையைக் கழுவியிருந்தார்கள். பளபளப்பான சீமெந்துத் தரை, ஈரம். வட்டமான குழி உள்ள இறப்பர் ஈரத் தரையில் பட்டால் கவ்விப் பிடிக்கும். நற்கருணை வாங்க வரிசை நகர்ந்தபோது, அமைதியான கோயிலுக்குள், திரேசாவின் வலது காலிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

ப்ளக்.

அவள் நின்றாள். ஓர் அடி வைத்தாள். ப்ளக். பின்னால் வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாதிரியார் அப்பத்தைத் தூக்கியபடி அவள் காலைப் பார்த்தார். பீடத்திலிருந்து பெஞ்சுக்குத் திரும்ப இருபத்திரண்டு அடி. அவற்றில் பதினொன்று வலது காலால் வைப்பவை. இருதயராஜ் ஒவ்வொன்றையும் கேட்டார். தலைகுனிந்து மிகவும் பக்தியாக இருந்தார்.

*

திங்கட்கிழமை மாலை திரேசா பிள்ளைக் காம்பராவிலிருந்து நேரே டவுனுக்குப் போய், செருப்போடு திரும்பி வந்தாள். இருதயராஜ் வாசலில் உட்கார்ந்து நாலாம் நம்பருக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"மஷூர் மொதலாளிகிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன்," என்றாள் அவள். "என்னா சாமான் விக்கிறீங்க, கோயிலுக்குள்ள மானம் போச்சுன்னு சத்தம் போட்டேன். வாங்கிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. கண்ணாடியப் போட்டுப் பாத்தாரு. அப்புறம் கவுண்டருக்குக் கீழ குனிஞ்சவரு ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல. ஒடம்பு குலுங்குது."

இருதயராஜ் பொலிஷ் துணியைக் கீழே வைத்தார். "என்னா சொன்னாரு?"

"எலியாம்."

"எலியா?"

"'எலி வேல அக்கா'ன்னாரு. எங்க வீட்டுல எலி கெடையாதுன்னேன். 'ஈக்கி அக்கா, வட்டமாக் கடிக்கிற எலி, கொஞ்சம் வயசான எலி'ன்னு சொல்றாரு. குதிக்கால அடச்சிக் குடுத்தாரு. பாருங்க, புதுசு மாதிரி." அவள் செருப்பைக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்தாள். "இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. 'எலிக்கு வெய்யிங்க, அப்புறம் செருப்புப் பக்கமே வராது'ன்னாரு. மருந்துன்னு நெனைக்கிறேன். கைய நல்லாக் கழுவுங்க."

அவள் உள்ளே போனாள். இருதயராஜ் பொட்டலத்தைப் பிரித்தார். தோலில் துளை போடும் பொறியால் வெட்டிய, அச்சுப் பிசகாத வட்டங்கள். வெண்ணெய் நிறத்தில் ஐந்து. ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. ஐந்தாவதில் சற்று யோசித்துவிட்டு, ஒண்ணு.

அவற்றுக்கடியில் ஆறாவது ஒன்று இருந்தது. இது தோல். கடதாசிபோல மெல்லியது. அவர் கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு அழுத்தினார். அழுந்தவில்லை.

ஐந்து வட்டங்களையும் யன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார். ரோட்டை ஒருமுறை பார்த்தார், வாசலை ஒருமுறை பார்த்தார். ஆறாவதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பொத்தானைப் பூட்டினார்.

"ஏங்க," என்று குசினிக்குள்ளிருந்து திரேசாவின் குரல் கேட்டது. "பாண் வெளியிலதான கெடக்கு? அத விட்டுட்டு எலி ஏன் செருப்பக் கடிக்கிது?"

"மெதுவா இருக்கும்போல," என்றார் இருதயராஜ்.